சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: பெட்டி கட்டுவது முதல் வகுப்பறை வரை

சீனாவில் ஒரு காரியம் முடிந்தால்தான் அடுத்ததற்கு வழி திறக்கும். காவல் நிலையப் பதிவுச் சீட்டு இல்லாமல் வசிப்பு அனுமதி இல்லை. உள்ளூர்க் கைபேசி எண் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. வங்கிக் கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை. இந்த வரிசை தெரிந்து போகிறவர் சில வாரங்களில் செட்டில் ஆகிவிடுவார். தெரியாதவர் ஒரே கவுண்ட்டரில் மூன்று முறை நிற்பார். வெளிநாட்டு ஆசிரியரை அங்கே 'வாய்ஜியாவ்' என்பார்கள். வகுப்பில் பிள்ளைகள் கூப்பிடுவது 'லாவ்ஷி'. இரண்டும் முதல் நாளே காதில் விழும்.

யாருக்கு அனுமதி கிடைக்கும்

வேலை அனுமதியில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. மொழி ஆசிரியர்கள் பெரும்பாலும் பி பிரிவில் வருவார்கள். தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. நடைமுறையில் அதிகாரி பார்ப்பது கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதை: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. டர்பன் தமிழருக்கும் டொரன்டோ தமிழருக்கும் இதில் தடையில்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு ஆங்கில ஆசிரியர் அனுமதி வாங்குவது கடினம். மேற்சொன்ன நாடுகளில் பட்டம் படித்தவர்களுக்குச் சில இடங்களில் வழி உண்டு. சர்வதேசப் பள்ளிகளில் கணிதமோ இயற்பியலோ ஆங்கிலத்தில் நடத்தும் வேலைக்கு இந்தத் தாய்மொழி விதி குறுக்கே வராது. பி.எட். முடித்தவர்கள் அந்தப் பக்கம் தேடுவது நல்லது.

"முதலில் டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் முற்றினால் 5 முதல் 15 நாள் காவல். 'நிர்வாக மேலாளர்' என்று அனுமதி வாங்கி வகுப்பறையில் நிறுத்துவதும் இதே கணக்குதான். மாட்டினால் பள்ளிக்கு அபராதத்தோடு போகும், நீங்கள் நாட்டைவிட்டே போக நேரிடும்.

கிளம்பும் முன்

பட்டச் சான்றிதழ், காவல்துறை நற்சான்று (எடுத்து ஆறு மாதம் தாண்டாதது), 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் அல்லது இரண்டு ஆண்டு கற்பித்தல் அனுபவக் கடிதம். இவைதான் அடிப்படை. 2023 நவம்பர் 7 முதல் 'அப்போஸ்டில்' எனும் ஆவண உறுதி முத்திரையை சீனா ஏற்கிறது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆவணங்களை அதன்பின் தூதரகத்துக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. கனடா 2024 ஜனவரி 11 அன்று இதில் சேர்ந்தது. வெள்ளைப் பின்னணியில் 33-க்கு 48 மில்லிமீட்டர் புகைப்படம் ஒரு டஜன் வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டு ஒன்றரை ஆண்டுக்குள் காலாவதியாகும் என்றால் ஊரிலேயே புதுப்பித்துவிட்டுப் போங்கள். அங்கே சிம், வங்கி, ரயில் டிக்கெட், வரி எல்லாம் கடவுச்சீட்டு எண்ணோடு கட்டப்பட்டவை. எண் மாறினால் ஒவ்வொரு கவுண்ட்டராக ஏறி இறங்கி மாற்ற வேண்டும்.

கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூட்யூப், ஃபேஸ்புக் எதுவும் அங்கே திறக்காது. தடையைத் தாண்ட உதவும் வி.பி.என். அனுமதியற்றதென்றால் சட்டவிரோதம், எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்பது வாதமாகாது. உங்கள் ஊர் வங்கி ஓ.டி.பி.யை ஜிமெயிலுக்கு அனுப்புகிறதென்றால் கிளம்புவதற்கு முன்பே வேறு மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். சொந்த ஊர் சிம்மை அங்கே ரோமிங்கில் வைத்திருந்தால் டேட்டா சொந்த ஊர் வழியாகப் போகும், அந்தச் செயலிகள் ஓடும், செலவுதான் கூடும்.

இந்தியாவில் அப்பா அம்மா இருப்பவர்களுக்கு இன்னொரு பூட்டு. அங்கே வாட்ஸ்அப் இல்லை, இந்தியாவில் 2020 ஜூன் முதல் சீனச் செயலியான வீசாட்டுக்குத் தடை. இரண்டு பக்கமும் திறக்கும் ஒன்றை, ஆப்பிள் கைபேசிகளென்றால் ஃபேஸ்டைம், இல்லையென்றால் டீம்ஸ், கிளம்பும் முன்பே அவர்கள் கைபேசியில் போட்டு இரண்டு முறை பேசிப் பழக்கிவிடுங்கள். சீன நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். இரவு எட்டரைக்கு நீங்கள் அழைத்தால் ஊரில் ஆறு மணி, காபி நேரம்.

முதல் 30 நாள்

1. வந்த 24 மணி நேரத்துக்குள் வசிக்கும் இடத்தைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். வாடகை வீடு என்றால் நீங்களே 'பாய்ச்சூஸுவோ' எனப்படும் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்: கடவுச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பத்திர நகல். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம். வீடு மாறினாலும், கடவுச்சீட்டு மாறினாலும், புது வசிப்பு அனுமதி வந்தாலும் திரும்பப் பதிய வேண்டும். பலர் மாட்டுவது இந்த 'திரும்ப'வில்தான்.

2. சிம். சைனா மொபைல், யூனிகாம், டெலிகாம் மூன்றில் ஒன்று. பெட்டிக்கடையில் வேண்டாம்; நிறுவனத்தின் சொந்தக் கிளைக்குக் கடவுச்சீட்டோடு போங்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள். பள்ளி ஊழியர் தன் பெயரில் வாங்கித் தரும் சிம் உதவிபோலத் தெரியும். வங்கி அந்த எண்ணை ஏற்காது.

3. மருத்துவப் பரிசோதனை. இரத்தம், மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி., வயிற்று ஸ்கேன். காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். டீ குடித்துவிட்டுப் போனால் நாளை வா என்பார்கள்.

4. வேலை அனுமதியைப் பள்ளி நிர்வாகம் வாங்கும். 2024 டிசம்பர் 1 முதல் தனி அட்டை கிடையாது, சமூகப் பாதுகாப்பு அட்டையோடு இணைத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

5. வசிப்பு அனுமதிக்கு நாட்டுக்குள் வந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். 15 நாள் வரை ஆகலாம். வேலைக்கு வருபவர்களுக்கான இசட் விசா பெரும்பாலும் ஒருமுறை நுழைவுக்கானது. வசிப்பு அனுமதி கைக்கு வரும் முன் ஹாங்காங்குக்கோ மக்காவோவுக்கோ ஒரு நடை போய் வந்தாலும் அது நாட்டைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு, விசா தீர்ந்துபோகும்.

6. வங்கிக் கணக்கு. கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், உங்கள் பெயரில் உள்ள சிம், சொந்த நாட்டு வரி எண். பள்ளி எந்த வங்கி வழியாகச் சம்பளம் போடுகிறதோ அந்த வங்கியின் அதே கிளைக்குப் போங்கள். வெளிநாட்டவரைப் பார்த்துப் பழகியிருப்பார்கள்.

7. அந்த வங்கி அட்டையை, கைபேசியில் பணம் கட்டும் செயலிகளான அலிபே, வீசாட் இரண்டிலும் இணையுங்கள். அதுவரை ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்து ஓட்டலாம்: 200 யுவான் வரை கட்டணமில்லை, அதற்கு மேல் 3 சதவீதம். வெளிநாட்டு அட்டையிலிருந்து இன்னொருவருக்குப் பணம் அனுப்ப முடியாது. ஆகவே சக ஆசிரியர்களோடு சாப்பிட்டுவிட்டுப் பங்கைத் தர ரொக்கம் கொஞ்சம் வைத்திருங்கள். வீசாட் புதுக் கணக்குக்கு ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் க்யூஆர் ஸ்கேன் செய்து உறுதி தர வேண்டிவரும். பள்ளித் தொடர்பாளரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

பெயர் எனும் தலைவலி

இந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயர்க்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு முடிச்சு. குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பின்னால் என்ற அச்சில் செய்யப்பட்டவை அங்குள்ள கணினிகள். பெரும்பாலான சீனப் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். நம் பெயரோ இருபது எழுத்தைத் தாண்டும். அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் நிற்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். சிம் கடையில் ஊழியர் இடைவெளி விடாமல் ஒட்டித் தட்டுவார். வங்கியில் இடைவெளி விட்டுத் தட்டுவார், இடம் போதாமல் கடைசி நான்கு எழுத்தை வெட்டுவார். இரண்டும் உங்கள் பெயர்தான் என்று உங்களுக்குத் தெரியும், அலிபேக்குத் தெரியாது. 'தகவல் பொருந்தவில்லை' என்று திருப்பியடிக்கும்.

வழி ஒன்றுதான். சிம் கடையிலேயே, பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று திரையைக் காட்டச் சொல்லி, இடைவெளி, வரிசை, பெரிய எழுத்து எல்லாம் தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் அந்தப் படத்தை நீட்டி, எழுத்துக்கு எழுத்து இதேபோல் என்று கேளுங்கள். 12306 ரயில் செயலி, வரிச் செயலி எல்லாவற்றிலும் அதையே தட்டுங்கள். கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரியில் இருக்கும் வரிசையைப் பின்பற்றுவது பாதுகாப்பு. கவுண்ட்டரைவிட்டு நகர்வதற்கு முன் சரிபார்த்தால் ஐந்து நிமிட வேலை. பிறகு என்றால் அரை நாள் விடுப்பு.

வீடு

பள்ளி வீடு கொடுத்தால் முதல் ஆண்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தனியே பிடிப்பதென்றால் 'யா யீ ஃபூ சான்' என்ற வழக்கம் உண்டு: ஒரு மாத முன்பணம், மூன்று மாத வாடகை சேர்த்து. 3,000 யுவான் வீட்டுக்கு முதல் நாளே 12,000. அதற்கு மேல் தரகர் கமிஷன். முதல் சம்பளம் வருவதற்கு முன் இந்தத் தொகை கையில் வேண்டும். சாவி வாங்கும் முன் ஒன்றைக் கேட்டுத் தெளியுங்கள்: காவல் நிலையப் பதிவுக்கு வீட்டுக்காரர் நகல்கள் தருவாரா? தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.

பெய்ஜிங் போன்ற வட நகரங்களில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை நகரமே குழாய் வழியாக வீடுகளைச் சூடாக்கும். ஷாங்காய், சாங்ஷா, செங்டு பக்கம் அது கிடையாது. வெப்பமானியில் 4 டிகிரி என்று பார்த்துவிட்டு, பெய்ஜிங்கைவிடத் தெற்கு இதமாக இருக்கும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் ஏராளம். வகுப்பறையில் கோட்டோடுதான் நிற்க வேண்டியிருக்கும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. பெரிய கேன் தண்ணீர் வீட்டுக்கே வரும். மின்சாரம் 220 வோல்ட், நம் ஊர் உருண்டை முள் பிளக் பொருந்தாது.

வகுப்பறை

அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பில் 45 பேர் இருப்பது சாதாரணம். பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். ஒரு வகுப்பை வாரம் ஒருமுறைதான் பார்ப்பீர்கள். 16 பாடவேளை என்றால் 16 வகுப்பு, எழுநூறுக்கு மேல் பிள்ளைகள், ஒரே பாடம் பதினாறு முறை. திங்கட்கிழமை முதல் வகுப்பில் இடறிய பாடம் வெள்ளிக்கிழமை வெண்ணெயாய் இறங்கும். அந்தத் திங்கட்கிழமைப் பிள்ளைகள் பாவம். முடிந்தால் புதிய பாடத்தை ஒரு வாரம் புதன்கிழமையிலிருந்து தொடங்கிச் சுழற்றுங்கள்.

மேல்நிலை வகுப்பில் "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் 45 தலையும் மேசையைப் பார்க்கும். விடை தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். எல்லோர் முன்னாலும் தப்பாகச் சொல்வது 'மியான்ஸி' போகிற காரியம், அதாவது மானம் போகிறது. கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு ஒருவரை அல்ல, ஜோடியாக எழுப்புங்கள். தப்பு இருவருக்கும் பங்கு என்றால் வாய் திறக்கும். தொடக்க வகுப்பில் இதற்கு நேரெதிர். கூச்சலைத்தான் அடக்க வேண்டும். சீன ஆசிரியர் 'யீ, அர், சான்' (ஒன்று, இரண்டு, மூன்று) என்றால் பிள்ளைகள் 'ஸுவோ துவான்ஜெங்' (நேராக உட்கார்) என்று கத்தி முதுகை நிமிர்த்துவார்கள். இதைக் கற்றுக்கொண்டு போங்கள், உங்கள் ஆங்கில உத்தி எதையும்விட வேகமாக வேலை செய்யும்.

தொண்டைக்கு முதல் வாரமே 'சியாவ் மிஃபெங்' வாங்குங்கள். 'குட்டித் தேனீ' என்று பொருள்: இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, கன்னத்தோரம் ஒரு மைக். பாதி சீன ஆசிரியர்கள் இதைக் கட்டிக்கொண்டுதான் நடமாடுவார்கள்.

'அவன்', 'அவள்' ஆங்கிலத்தில் மாறி மாறி வரும். பேச்சுச் சீனத்தில் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலி; திருத்திக்கொண்டே இருந்தால் பேச்சு நின்றுவிடும். படம் காட்டிச் சொல்ல வைக்கும் பயிற்சியில் மட்டும் திருத்துங்கள். காலமும் பன்மையும் வினை, பெயர்ச் சொற்களில் மாறாத மொழி அது என்பதையும் நினைவில் வையுங்கள். பிள்ளை 'நேற்று நான் போகிறேன்' என்கிற தினுசில் சொல்வது சோம்பலால் அல்ல.

பாடத்தைப் பென்டிரைவில் கொண்டு போங்கள். வகுப்பறைக் கணினியில் பவர்பாயின்ட்டுக்குப் பதில் டபிள்யூ.பி.எஸ். எனும் சீன மென்பொருள் இருக்கும், எழுத்துரு கலையும், இணைப்பு வைத்த காணொளி திறக்காது. காணொளியைக் கோப்பாக உள்ளே வைத்து, ஸ்லைடுகளின் பி.டி.எஃப். ஒன்றும் துணைக்கு வையுங்கள். பெயர்ப் பட்டியல் சீன எழுத்தில்தான் வரும். சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யினில் கேட்டு வாங்குங்கள். எதற்கும் 'பான்ஜாங்' எனும் வகுப்புத் தலைவனையோ தலைவியையோ பிடியுங்கள். புரொஜெக்டர் சாவியிலிருந்து யார் இன்று வரவில்லை என்பது வரை அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

இடைவேளையில் இசை ஒலித்து, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கண்ணைச் சுற்றி அழுத்தித் தேய்ப்பார்கள்: கண் பயிற்சி. அதன்மேல் பாடம் நடத்தாதீர்கள். மதியம் தூங்கும் நேரம் உண்டு. ஆசிரியர் அறையிலும் மடிப்புக் கட்டில்கள் விரியும், சத்தமாகப் பேசுவது மரியாதையல்ல.

அட்டவணை திடீரென மாறும். நீண்ட விடுமுறையை ஈடுகட்ட ஒரு சனியோ ஞாயிறோ வேலைநாளாகும்; இதற்கு 'தியாவ்சியூ' என்று பெயர். அன்று எந்த நாளின் அட்டவணை என்று முந்தின மாலையே கேட்டுவிடுங்கள். அக்டோபர் 1-ஐ ஒட்டிய தேசிய தின விடுமுறைக்கு ரயில் டிக்கெட் நினைத்தபோது கிடைக்காது. ஜூன் 7 முதல் 'காவ்காவ்' எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. உங்கள் பள்ளி தேர்வு மையமாக இருந்தால் வகுப்பே இருக்காது.

பெற்றோர் வீசாட்டில் தனி வகுப்பு கேட்பார்கள், நல்ல தொகையும் சொல்வார்கள். வேலை அனுமதி ஒரே பள்ளிக்கானது. வெளியே எடுப்பது சட்டவிரோத வேலை. அதோடு 2021 ஜூலையில் வந்த, வீட்டுப்பாடத்தையும் டியூஷனையும் குறைக்கும் 'இரட்டைக் குறைப்பு' கொள்கைக்குப் பின் வெளிக்கல்வி மீதான கண்காணிப்பும் இறுகியிருக்கிறது. "பள்ளி ஒப்பந்தம் விடாது" என்று பழியைத் தாளின்மேல் போட்டு மறுத்தால் யாருக்கும் முகம் வாடாது. அரசியலையும் மதப் பிரசங்கத்தையும் வகுப்புக்குள் கொண்டு வர வேண்டாம்.

சம்பளமும் வரியும்

வரி ஜனவரியிலிருந்து ஆண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் முறை. மாதம் 5,000 யுவான் கழிவு. சம்பளம் 15,000, வேறு பிடித்தம் இல்லை என்று வையுங்கள்: வரிக்குரியது 10,000. முதல் மூன்று மாதம் 3 சதவீதத்தில் 300 யுவான் பிடிப்பார்கள். நான்காவது மாதம் மொத்தம் 36,000-ஐத் தாண்டுவதால் 580. ஐந்திலிருந்து மாதம் 1,000. மே மாதம் சம்பளம் குறைந்துவிட்டதே என்று கணக்கரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆண்டுக் கணக்கைச் சரிபார்ப்பது மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை, வரிச் செயலியில்.

ஊருக்குப் பணம் அனுப்ப வரி கட்டிய சான்று, ஒப்பந்தம், கடவுச்சீட்டு, வேலை அனுமதி விவரம் நான்கும் வேண்டும். ஆவணம் இல்லாமல் நாளொன்றுக்கு 500 டாலர் அளவே மாற்ற முடியும். இரண்டு மூன்று மாதம் சேர்த்து ஒரே நடையில் அனுப்புவது மேல். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது போகும்.

அடுப்படி

சீரகம் தட்டுப்பாடில்லை, சின்ஜியாங் கம்பி இறைச்சி புண்ணியத்தில் எல்லா ஊரிலும் 'ஸிரான்' கிடைக்கும். மல்லித்தழை, இஞ்சி, பூண்டு, பச்சைப்பயறு சாதாரணச் சந்தையிலேயே உண்டு. துவரம்பருப்பு, கடுகு போன்றவற்றுக்கு தாவ்பாவ் இணையக் கடை அல்லது குவாங்ஜோ, யீவு போன்ற ஊர்களின் இந்தியக் கடைகள். வடகிழக்கு அரிசி ஒட்டும். சாம்பார் சாதத்துக்கு ஆகாது, தயிர்சாதத்துக்கு அருமை. ஊரிலிருந்து பச்சைக் காய்கறி, பழம், விதை, இறைச்சி, பால் பொருள் கொண்டு வரத் தடை. கறிவேப்பிலைக் கொத்தைப் பெட்டியில் ஒளித்து எடுத்து வர வேண்டாம்.

சைவர்கள் 'வோ ச்சி சூ' (நான் சைவம்) என்று சொன்னால் மட்டும் போதாது. காய்கறிப் பொரியலிலும் பன்றிக் கொழுப்போ கறித் துணுக்கோ இருக்கலாம். இறைச்சிச் சாறு, கொழுப்பு, முட்டை மூன்றையும் தனித்தனியே வேண்டாம் என்று சீனத்தில் எழுதி கைபேசியில் வைத்துக் காட்டுங்கள். பன்றி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு 'ச்சிங்ஜென்' (ஹலால்) பலகை மாட்டிய லான்ஜோ நூடுல்ஸ் கடைகள் எல்லாத் தெருவிலும் இருக்கும்.

உடம்புக்கு முடியாவிட்டால், வெளியூர் போனால்

அரசு மருத்துவமனையில் முதலில் 'குவாஹாவ்' எனும் பதிவுச் சீட்டு. பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்கூட்டியே பணம். கடவுச்சீட்டு இல்லாமல் போகாதீர்கள். ஆம்புலன்ஸ் 120, காவல் 110, தீயணைப்பு 119, குடிவரவுக் கேள்விகளுக்கு 12367. இதில் ஆங்கிலத்திலும் பேசலாம். 2025 ஜூன் 28 முதல் 3சி எனும் சீனப் பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர்பேங்க் உள்நாட்டு விமானத்தில் ஏறாது. சர்வதேச ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லாது.

வேலையை விடும்போது

30 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் வேலை அனுமதி ரத்துச் சான்றும், 'லீஜி ஜெங்மிங்' எனும் விலகல் சான்றும் கையில் வந்தாக வேண்டும். இவை இல்லாமல் அடுத்த பள்ளி புதிய அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. அனுமதி ரத்தான பின்னும் வசிப்பு அனுமதியில் தேதி பாக்கியிருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. குடிவரவு அலுவலகத்தில் அதை மாற்றியாக வேண்டும். காலம் கடந்து தங்கினால் நாளுக்கு 500 யுவான், மொத்தம் 10,000 வரை. விலகல் சான்றைக் கைபேசிப் படமாக அனுப்புகிறேன் என்பார்கள். பள்ளியின் சிவப்பு வட்ட முத்திரையோடு அசல் தாள் இரண்டு கேளுங்கள். முத்திரை பாதி அழிந்திருந்தால் அங்கேயே மறுபடி குத்தச் சொல்லுங்கள்.